தட்டைத் தனியாக எடுத்து வைத்தால் கிருமி போய்விடுமா?

இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை காசநோய் பற்றியவை. எல்லோரும் கடைசி வரியில் ஒன்றையே எழுதியிருக்கிறார்கள்: "தயவுசெய்து பெயர் போட வேண்டாம்." சர்க்கரை பற்றிக் கேட்பவர்கள் முழு முகவரியோடு எழுதுகிறார்கள். டி.பி. என்றால் இனிஷியல்கூடக் கூடாதாம். சரி, ஊர்ப் பெயர் மட்டும் போடுகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் டாக்டர் இல்லை. அரசு காசநோய்ப் பிரிவில், நோயாளி ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறாரா என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். மருந்து அளவு, எக்ஸ்ரே எல்லாம் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். வீட்டுக்குள் நடப்பதை என்னிடம் கேட்கலாம்.

அக்கா, எனக்கு 29 வயது. ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. போன மாதம் நுரையீரலில் டி.பி. என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். அன்றைக்கே மாமியார் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துவிட்டார். மூன்று வயது மகளை என் பக்கத்தில் விடுவதில்லை. "ஆறு மாதம் உங்கம்மா வீட்டில் இருந்துவிட்டு வா" என்கிறார் கணவர். போய்விடட்டுமா?
— வாசகி, ஆம்பூர்

போகாதே தங்கச்சி.

இந்தத் தனி டம்ளரை நான் பார்க்காத ஊர் இல்லை. டி.பி. வந்த வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் என் கண் அதைத்தான் தேடும். பின்கட்டு ஜன்னல் திட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். மற்ற டம்ளர்களோடு கலந்துவிடக் கூடாதே என்று அடியில் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு. வேலூர்ப் பக்கம் ஒரு வீட்டில் அந்தப் பொட்டு வைத்த டம்ளரில் எனக்குக் காபி கொண்டு வந்துவிட்டார்கள். பதறிப்போய்ப் பிடுங்கப் பார்த்தார் அந்த வீட்டுப் பெரியம்மா. பரவாயில்லை என்று குடித்துவிட்டுத்தான் வந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆகவும் ஆகாது. ஏனென்றால் இந்தக் கிருமி தட்டு, டம்ளர், துணி, சோறு எதிலும் பரவுவதில்லை. இருமும்போதும் உரக்கப் பேசும்போதும் காற்றில் கலந்து, அந்தக் காற்றை அடைத்த அறையில் நெடுநேரம் சுவாசிப்பவருக்குப் போகிறது.

அப்படியானால் உன் மகளுக்கு ஆபத்து எப்போது இருந்தது? நோய் என்னவென்று தெரியாமல் இருமல் மருந்து வாங்கிக் குடித்துக்கொண்டு, ஜன்னலைச் சாத்தி அவளைக் கட்டிக்கொண்டு தூங்கினாயே, அந்த வாரங்களில். அப்போது தட்டு ஒன்றாகத்தான் இருந்தது, யாரும் பயப்படவில்லை. சாதாரண டி.பி.யில் மாத்திரை ஆரம்பித்து இரண்டு மூன்று வாரத்தில் பரப்பும் தன்மை பெருமளவு குறைந்துவிடும். நீ ஒரு மாதம் முடித்துவிட்டாய். பயம் போக வேண்டிய நேரத்தில்தான் உன் வீட்டில் பயம் வந்திருக்கிறது.

உடனே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய்ப் பரிசோதிக்கச் சொல். நோயாளி வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால், அதற்கு நோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டு தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள். மகளைத் தள்ளி வைத்துவிட்டு இதைச் செய்யாத வீடுகள் நிறைய. வீட்டில் மற்றவர்களும் பார்த்துக்கொள்ளட்டும். ஜன்னலைத் திறந்து வை. இருமினால் துணியால் வாயை மூடு. அவ்வளவுதான்.

உன் கணவருக்கு ஒரு பழைய கதையைச் சொல். ஒரு காலத்தில் டி.பி. என்றால் வருஷக்கணக்கில் சானடோரியம் என்ற காசநோய் ஆஸ்பத்திரியில்தான் படுக்க வேண்டும். படுக்கையோ போதாது. 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒன்றை ஆரம்பித்தார்கள். இன்றைக்குச் சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வழி வந்ததுதான். வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர் தலைமையில் நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, நல்ல காற்று, ஓய்வோடு. இன்னொரு பிரிவு சென்னையின் நெருக்கடியான குடியிருப்புகளில், அவரவர் வீட்டில், அவரவர் கஞ்சியோடு. இருவருக்கும் ஒரே மாத்திரை, ஒரு வருஷம். 1959-ல் முடிவு வந்தது: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அதோடு விடவில்லை. கூடக் குடியிருந்த குடும்பத்தாரை ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். நோயாளி வீட்டிலேயே இருந்ததால் அவர்களுக்குக் கூடுதலாக நோய் வந்துவிடவில்லை. அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்கச் சானடோரியங்கள் கதவைச் சாத்தின. நம்ம ஊர்க் குடிசைகளில் இருந்துகொண்டு மாத்திரை தின்றவர்கள் நிரூபித்துக் கொடுத்த விஷயம் இது. எழுபது வருஷம் கழித்து ஆம்பூரில் உன் வீட்டில் மறுபடி சானடோரியம் கட்டுகிறார்கள்.

மாமியாரைத் திட்டாதே. அவர் சின்ன வயதில் இந்த நோயில் ஆட்கள் உருகிச் செத்ததைக் கண்ணால் பார்த்திருப்பார். அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது அவரையும் கூட்டிப் போ. நர்ஸம்மா நேரில் சொன்னால் கேட்பார், மருமகள் சொன்னால் கேட்க மாட்டார்.

அம்மா வீட்டுக்குப் போகாதே என்று ஏன் சொல்கிறேன் தெரியுமா? மாத்திரை எந்த ஊருக்குப் போனாலும் கிடைக்கும், பதிவை மாற்றிக் கொடுப்பார்கள். ஆனால் அப்படிப் போனவர்களில் சிலரைத் திரும்பக் கூப்பிடவே இல்லை. மேலே சொன்ன அதே சென்னை ஆராய்ச்சி மையம் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், பெண் நோயாளிகளில் 15 சதவீதம் பேரைக் குடும்பத்தார் ஒதுக்கியதாக வந்தது. மனைவிக்கு டி.பி. என்றால் "அம்மா வீட்டுக்குப் போ". கணவனுக்கு டி.பி. என்றால் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்ட வேண்டும். கணவனை அவன் அம்மா வீட்டுக்கு அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். இரண்டு மாதம் டி.பி. மாத்திரை சாப்பிட்டேன். இருமல் நின்றுவிட்டது, எடையும் ஏறிவிட்டது. மாத்திரை சாப்பிட்டால் குமட்டுகிறது, வேலை ஓடவில்லை. நிறுத்திவிடலாமா? கம்பெனியில் தெரிந்தால் நிறுத்திவிடுவார்களோ என்றும் பயம்.
— வாசகர், திருப்பூர்

நிறுத்தாதீர்கள் தம்பி. இருமல் நிற்பது வேறு, கிருமி சாவது வேறு. முதல் இரண்டு மாதத்தில் சுறுசுறுப்பாக இருக்கும் கிருமிகள் செத்துவிடும், உடம்பு தேறிவிடும். மீதி கொஞ்சம் தூங்கிக்கொண்டிருக்கும். அதைக் கொல்லத்தான் அடுத்த நான்கு மாதம். பாதியில் விட்டால் நோய் திரும்பி வரும். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியாகத் திரும்பினால் கதையே வேறு. மருந்தும் வேறு, தொந்தரவும் அதிகம், வீட்டில் மற்றவர்களுக்குப் பரவினால் அவர்களுக்கும் அதே கட்டுப்படாத கிருமிதான்.

குமட்டலுக்கு வழி இருக்கிறது. எந்த நேரத்தில் எதோடு சாப்பிடலாம் என்று சுகாதார நிலையத்தில் கேளுங்கள், பொறுத்துக்கொள்ளும்படி மாற்றிச் சொல்வார்கள். ஆனால் கண் மஞ்சளாவது, பார்வை மங்குவது, ஓயாத வாந்தி இதில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் "கொஞ்சமாக" என்று ஆரம்பிப்பவராக இருந்தால், இந்த ஆறு மாதம் அதை விட்டுவிடுங்கள். மாத்திரையும் ஈரலைத்தான் பதம் பார்க்கும், சாராயமும் ஈரலைத்தான் பதம் பார்க்கும். நான் பார்த்தவரை மாத்திரையை நடுவில் விட்ட ஆண்கள் பலர் விட்டது ஏதோ ஒரு சனிக்கிழமை ராத்திரிதான்.

இப்போது சம்பளம். இதைப் பற்றி டாக்டர்கள் பேசுவதில்லை, நான் பேசுகிறேன். மேலே சொன்ன அதே 1999 ஆய்வில் நோயாளிக்குச் சராசரியாக 83 வேலைநாள் போயிருந்தது. மாத்திரை அப்போதும் இலவசம்தான். நோய் என்னவென்று தெரிவதற்கு முன்பு மெடிக்கல் ஷாப், தனியார் டாக்டர், ஸ்கேன் என்று அலைந்ததும், வேலைக்குப் போகாமல் கிடந்ததும்தான் கடனாக ஏறியது. அந்த வீடுகளில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளில் 11 சதவீதம் பேர் படிப்பை நிறுத்தினார்கள். இன்னும் 8 சதவீதம் பேர் வேலைக்குப் போனார்கள். அப்பனுக்கு இருமல் வந்தால் ஏழாம் வகுப்புப் பையன் ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறான்.

உங்களுக்கு ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்களா? சம்பளச் சீட்டைப் பாருங்கள். பிடித்தால் உங்கள் கையில் பெரிய ஆயுதம் இருக்கிறது. சாதாரண நோய் விடுப்புக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம். காசநோய் அவர்களுடைய நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கிறது. இரண்டு வருஷம் வேலையில் இருந்து சந்தா ஒழுங்காகக் கட்டியிருந்தால், நீட்டித்த உதவியாக 80 சதவீதம் வரை கிடைக்கும். நிறையப் பேருக்கு இது தெரியாது. சூப்பர்வைசரும் தானாகச் சொல்ல மாட்டார். ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் நேரடியாகக் கேளுங்கள். கம்பெனி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிய வேண்டாம். டாக்டர் சீட்டைக் கொடுக்க வேண்டிய ஒருவரிடம் கொடுத்தால் போதும்.

மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது. ரத்தமா?
— வாசகர், புதுக்கோட்டை

ரத்தமில்லை ஐயா. ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் நிறம். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று நாங்கள் கண்டுபிடித்ததே அந்த நிறத்தை வைத்துத்தான். கண் வெள்ளையும் மஞ்சளானால் மட்டும் உடனே போங்கள்.

என் கணவருக்கு டி.பி. கொத்தனார் வேலை. எடை 38 கிலோ. "நல்லா சாப்பிடச் சொல்லுங்க" என்கிறார்கள். ஆட்டுக்கால் சூப், பாதாம் எல்லாம் நாங்கள் எங்கே போவது? மாத்திரை இருந்தால் சாப்பாடு எப்படி இருந்தாலும் குணமாகுமா?
— வாசகி, விருத்தாசலம்

அம்மா, முதலில் எடை. வளர்ந்த ஆண் 38 கிலோ என்றால் அது சும்மா விடுகிற விஷயமில்லை. தமிழ்நாட்டில் 2022-லிருந்து "காசநோய் இறப்பில்லாத் திட்டம்" நடக்கிறது. புதிதாகக் கண்டுபிடித்த நோயாளியின் எடையையும் உயரத்தையும் பார்ப்பார்கள். காலில் வீக்கம் இருக்கிறதா, மூச்சு எத்தனை வேகம், ஆக்ஸிஜன் எவ்வளவு, தானாக எழுந்து நிற்கிறாரா என்றும் பார்ப்பார்கள். ஆபத்தான நிலை என்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்துச் சத்துணவோடு சிகிச்சை. உங்கள் கணவருக்கு இதெல்லாம் பார்த்தார்களா? பார்க்கவில்லை என்றால் நாளைக்கே போய்க் கேளுங்கள். டி.பி.யில் சாகிறவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்துக்குள்தான் சாகிறார்கள், அதுவும் எலும்பும் தோலுமாக வருபவர்கள்.

சாப்பாடு எப்படி இருந்தாலும் மாத்திரை வேலை செய்யும் என்பது 1950-களின் சென்னை ஆய்விலேயே தெரிந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு நாமும் ரொம்ப காலம் சாப்பாட்டைப் பேசாமலே இருந்துவிட்டோம். ஜார்க்கண்டில் நான்கு மாவட்டங்களில் ஒரு பெரிய ஆய்வு நடத்தி 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். நோயாளிகள் எல்லோருக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பை: அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய். சில பகுதிகளில் நோயாளி வீட்டாருக்கும் ஆளுக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சேர்த்துக் கொடுத்தார்கள். வீட்டாருக்கும் கொடுத்த பகுதிகளில், அந்த வீடுகளில் புதிதாக டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்தது. தடுப்பூசி இல்லை, புது மருந்து இல்லை. அரிசியும் பருப்பும்தான். நோயாளிக்கு முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறினால் உயிர் பிழைப்பது வெகுவாகக் கூடியதும் அதில்தான் தெரிந்தது.

அதனால் ஆட்டுக்கால் சூப்பை விடுங்கள். அது வெறும் வாசனைத் தண்ணீர் என்பது என் கட்சி. சண்டைக்கு வருபவர்கள் வரலாம். தினம் இரண்டு முட்டை. ரேஷன் துவரம்பருப்பு, கொண்டைக்கடலை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, முருங்கைக்கீரை. முடிந்த அன்றைக்கு மத்தி மீன். சோற்றில் ஒரு கரண்டி எண்ணெய் கூடுதலாக ஊற்றுங்கள். ஒரே தடவை நிறையச் சாப்பிட முடியாது, ஐந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.

பணம்: மத்திய அரசின் சத்துணவு உதவி மாதம் 500 ரூபாயாக இருந்தது, 2024 நவம்பரிலிருந்து 1000 ரூபாய். வங்கிக் கணக்கில் நேரடியாக விழும். விழவில்லை என்றால் கணக்கு எண்ணிலோ ஆதாரிலோ ஏதாவது இடிக்கும். அரசுக் காசநோய்த் திட்டத்தின் நிக்ஷய் உதவி எண் 1800-11-6666, கட்டணமில்லை.

கடைசியாக உங்களுக்கு. அவருக்கு முட்டையை வைத்துவிட்டு நீங்களும் பிள்ளைகளும் ரசத்தோடு முடித்துக்கொள்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஜார்க்கண்டில் வீட்டாருக்கும் ஏன் பருப்பு கொடுத்தார்கள் என்று இன்னொரு தரம் மேலே படியுங்கள்.

சின்ன வயதில் எங்கள் ஊரில் எல்லோருக்கும் கையில் பி.சி.ஜி. ஊசி போட்டார்கள். தழும்பு இன்னும் இருக்கிறது. பேரனுக்கும் பிறந்தவுடன் போட்டோம். பிறகு ஏன் டி.பி. வருகிறது?
— பாட்டி, திருவள்ளூர் மாவட்டம்

பாட்டி, உங்கள் ஊரில் போட்டார்களே, அது உலகப் புகழ் பெற்ற ஆராய்ச்சியாகவே இருக்கலாம். அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்தில், உங்கள் திருவள்ளூர்ப் பக்கம், 1968-லிருந்து இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள். சிலருக்கு நிஜ மருந்து, சிலருக்கு வெறும் நீர். 1979-ல் முடிவைச் சொன்னபோது எல்லோருக்கும் அதிர்ச்சி: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டி.பி.யை அந்த ஊசி தடுக்கவில்லை. இந்த ஊசி வேண்டாம் என்று 1955-லேயே ராஜாஜி மல்லுக்கட்டியிருந்தார். அவர் சொன்ன காரணங்கள் வேறு. அதற்காக அவர் ஜெயித்துவிட்டார் என்று சொல்ல மாட்டேன். கைக்குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலாகவும் உடம்பு முழுக்கப் பரவியும் வரும் கொடூரமான டி.பி.யை இந்த ஊசி தடுக்கிறது. அதற்காகத்தான் பேரனுக்குப் போட்டார்கள், கொள்ளுப்பேரனுக்கும் போடுங்கள்.

தாம்பரத்துக்குப் பக்கத்தில் ரயில் நிலையத்துக்கே "சானடோரியம்" என்று பெயர் இருக்கிறதே, அது காசநோய் ஆஸ்பத்திரியா?
— வாசகர், குரோம்பேட்டை

ஆமாம். இங்கிலாந்தில் சானடோரியம் நடத்திய டாக்டர் சவுரிமுத்து 1928-ல் ஆரம்பித்தது. 1937-ல் அரசு எடுத்துக்கொண்டது. எச்.ஐ.வி. நோயாளிகளைத் தொடவே மற்றவர்கள் தயங்கிய தொண்ணூறுகளில் அவர்களைப் படுக்க வைத்துப் பார்த்த இடமும் அதுதான்.

மகளுக்கு இரண்டு வருஷம் முன்பு கழுத்தில் நெறிகட்டி, டி.பி. என்று மாத்திரை சாப்பிட்டுக் குணமாகிவிட்டது. இப்போது வரன் வந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டுமா? சொந்தக்காரர்கள் எல்லோரும் மூச்சு விடாதே என்கிறார்கள்.
— தந்தை, காரைக்குடி

ஐயா, இந்த மாதம் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்த கேள்வி இதுதான். கழுத்து நெறியில் வரும் டி.பி. அடுத்தவருக்குப் பரவாது. குணமாகிவிட்டது. குழந்தை பிறப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆக, சொல்லாவிட்டாலும் யாருக்கும் கெடுதல் இல்லை என்று வாதாடலாம். இருந்தாலும் சொல்லிவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

நான் வேலையில் இருந்தபோது பெண் வைத்திருக்கும் வீடுகளில் "வண்டியைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு வாங்க, யாராவது கேட்டால் இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்று சொல்லுங்க" என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன், பாலிசி பற்றிக்கூட இரண்டு வார்த்தை பேசியிருக்கிறேன். அப்படி மறைத்துக் கட்டிக்கொடுத்த பெண்களில் சிலர், கல்யாணத்துக்குப் பிறகு சாதாரணச் சளி இருமல் வந்தால்கூட டாக்டரிடம் போகவில்லை. பழைய கதை வெளியே வந்துவிடுமே என்று பயம். என்னை உறுத்துவது அதுதான். நாளைக்குப் பிரசவத்தின்போது "முன்பு ஏதாவது நோய் இருந்ததா?" என்று கேட்டால், பக்கத்தில் புருஷன் நிற்க அவள் "இல்லை" என்று சொல்ல வேண்டும்.

தரகரிடம் சொல்லாதீர்கள், ஊரே கேட்கும். நிச்சயத்துக்கு முன்னால் மகளே மாப்பிள்ளையிடம் நேராகச் சொல்லட்டும். சிகிச்சை முடிந்ததற்கான சீட்டைக் கையில் வைத்துக்கொள்ளட்டும். அதோடு மாப்பிள்ளையின் ரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்குத்தான் டி.பி. வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. அந்தக் கேள்வியை நம்ம ஊரில் பெண் வீட்டார் கேட்பதே இல்லை.

சளிப் பரிசோதனைக்கு டப்பா கொடுத்தார்கள். எவ்வளவு இருமினாலும் எச்சில்தான் வருகிறது. "இது செல்லாது" என்று திருப்பி அனுப்புகிறார்கள். என்ன செய்ய?
— வாசகர், அறந்தாங்கி

ராத்திரி படுக்கும் முன் இரண்டு டம்ளர் வெந்நீர் குடியுங்கள். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளித்துவிட்டு வெட்டவெளிக்கு வாருங்கள். கழிவறைக்குள் போய் இரும வேண்டாம், அடுத்து வருபவர் அந்தக் காற்றைத்தான் சுவாசிப்பார். மூச்சை ஆழமாக இழுத்துக் கொஞ்சம் பிடித்து வைத்து விடுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்துவிட்டு அடிநெஞ்சிலிருந்து இருமுங்கள். கெட்டியாக, கொழகொழவென்று வருவதுதான் சளி. நுரைத்துக்கொண்டு தண்ணீராக வந்தால் எச்சில். ஒரு டீஸ்பூன் அளவு போதும். டப்பாவின் வெளிப்பக்கம் படாமல் மூடியை இறுக்கி, வெயில் ஏறும் முன் கொண்டு போய்க் கொடுங்கள்.